புள்ளிக்கணக்கும் புலிமான்கோம்பையும்

அரசுப் பல்கலைக்கழகங்களின் போட்டித்திறன் பற்றிய உரையாடல் பெரும்பாலும் ஊதியத்தில் தொடங்கித் தரவரிசையில் முடிகிறது. ஆசிரியரின் எவ்வகை உழைப்புக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது என்னும் வினா இடையில் நழுவிவிடுகிறது. தமிழாய்வைப் பொறுத்தவரை அவ்வினாவே முதன்மையானது என்பது என் கருத்து.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. கண்டறிந்தோர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பேராசிரியர் கா. ராஜனும் அவர்தம் ஆய்வு மாணவர்களும் ஆவர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். (அக்கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்தானா என்பது தனி விவாதம்.) தொல்காப்பியர் வெட்சித்திணையில் சுட்டும் ஆகோள் என்னும் சொல் கல்லிலேயே கிடைத்தது. புறத்திணை பற்றி எழுதுவோர் எவரும் இன்று அக்கல்லைக் கருதாமல் எழுத இயலாது.

இத்தகைய கண்டுபிடிப்பை 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு நெறிமுறைப்படி மதிப்பிட்டுப் பார்க்கலாம். மொழி, கலைப் புலங்களில் ஏற்புடைய ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படைப் புள்ளி 10. எழுதியோர் மூவராயின் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. அதாவது 7, 3, 3. நூலகத்தில் நான்கு நூல்களை விரித்து ஒருவர் தனியே எழுதும் கட்டுரைக்கு முழுப் பத்து. ஊர் ஊராக நடந்ததற்குப் புள்ளி இல்லை. பல்கலைக்கழக இணைப்பேராசிரியர் பேராசிரியராக உயர 110 புள்ளி வேண்டும் என்றிருக்கையில் அவர் எவ்வழியைத் தேர்வார்? அவரைக் குறை கூறுவதற்கில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் ஏலத்தோட்டத் தொழிலாளர் பேச்சுவழக்கை ஆராயும் எனக்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. விடியுமுன் ஜீப்பில் மலையேறிப் பொழுது சாயத் திரும்பும் பெண்களிடம் ஒரு மணிநேரப் பேச்சைப் பதிவு செய்யப் பல நாள் காத்திருக்க வேண்டும்; அதனை எழுத்தாக்கச் சில வாரங்கள். அக்காலத்தில் இரண்டு கட்டுரை எழுதிவிடலாமே என்று அக்கறையோடு அறிவுறுத்தியவர் உண்டு. அவர் கணக்கில் பிழையில்லை.

இம்மண்ணை நன்கறிந்த இளைஞர் பலர் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் உள்ளனர். அவர்களுக்குப் பதவி உயர்வுப் புள்ளிமுறையே பொருந்தாது. விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மிகாமல் என மானியக்குழு 2019இல் வகுத்த அளவும் வகுப்பு நேரத்துக்கே உரியது.

தேசியத் தரவரிசை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுகளைக் கொண்டு வெளியீடுகளை எண்ணுகிறது. தமிழிதழ்கள் அங்கே அரியன. அவ்வெண்ணிக்கையில் தமிழ்த்துறைகள் முந்துவது கடினம். பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் களம் இருப்பதே நமக்குள்ள வலிமை. ஊக்குவிப்பு முறையோ அதனைவிட்டு நம்மை விலக்குகிறது.

2025 பிப்ரவரியில் மானியக்குழு கேர் இதழ்ப்பட்டியலைக் கைவிட்டு, இதழ்த்தேர்வைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் விட்டது. குரல் பதிவு, எழுத்தாக்கம், சொற்பட்டியல், இடக்குறிப்பு ஆகியன அடங்கிய களத்தரவுத் தொகுதியை இருவர் மதிப்பாய்வு செய்தபின் இதழ்கள் தனி வெளியீடாக ஏற்கலாம். பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டுரைக்குரிய 10 புள்ளியை வழங்கலாம். தரவின் தரத்தை யார் அளப்பது என்ற தடை எழும். கட்டுரைகளின் தரத்தை அளப்போரே அளக்கலாம். முதல் தொகுதிக்கு இவ்விதழே அடுத்த மலரில் சில பக்கங்களை ஒதுக்கலாம்.