பை காவலுக்கு நாம்தான் ஆளா?

லீவு விட்டால் போதும், எல்லா வீட்டிலும், "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று ஆரம்பித்து விடுவார்கள். கேட்கிறவர்கள் பத்துப் பேர். ஏற்பாடு செய்கிறவள் ஒருத்தி. அந்த ஒருத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் காஞ்சிபுரம். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். மாமனாருக்குப் பழைய கோவில், கல்வெட்டு, சிற்பம் இதெல்லாம் உயிர். அத்தைக்கு ஒரு பெருமாள் சேவை கிடைத்தால் போதும். என் வீட்டுக்காரருக்கோ ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிட வேண்டும், லாட்ஜ் செலவு ஆகாது. இத்தனை பேர் ஆசையும் ஒரே நாளில் அடங்குகிற இடம் மாமல்லபுரம்தான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் தனி வேன் பிடித்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. குகையும் உண்டு, கடலும் உண்டு.

நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்து நாங்கள் பதினோரு பேர் போவோம். மூத்த மருமகள் என்பதால் பத்து வருஷமாக ஏற்பாடு என் தலையில். நான் பார்த்த வரைக்கும் பதினோரு பேர் போனால் பத்துப் பேர்தான் சுற்றுலா போகிறார்கள். பதினோராவது ஆள் மணலில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றி ஏழு பை, இருபத்திரண்டு செருப்பு, யாரோ கழற்றிக் கொடுத்த வாட்ச், மூக்குக் கண்ணாடி, ஐந்தாறு செல்போன். அவளிடம் "பையைப் பாத்துக்கோ, அப்படியே பசங்களையும் ஒரு கண்ணு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்களும் அப்படி உட்கார்ந்திருப்பீர்கள் சகோதரிகளே, இல்லை என்று சொல்லாதீர்கள்.

பையையும் பார்த்து, கடலில் நிற்கும் ஐந்து பிள்ளைகளையும் எப்படிப் பார்ப்பது? தலையைத் திருப்பிப் பையைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் கடலுக்குப் போதும். இதைத்தான் முதலில் எல்லோரும் யோசிக்க வேண்டும். சாப்பாடு, வண்டி எல்லாம் அப்புறம்.

முதலில் நேரம். வண்டி நின்றதும் பிள்ளைகள் "கடல், கடல்" என்று குதிக்கும். பெரியவர்களும் சரி என்று இறங்கிவிடுவார்கள். அப்புறம் உப்புத் தண்ணீரும் மணலும் ஒட்டின உடம்போடு உச்சி வெயிலில் பாறை ஏற வேண்டியிருக்கும். கல் அடுப்பு மாதிரி சுடும். குகையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள், நிழலைத்தான் பார்ப்பார்கள். ஆகவே காலையில் குகை, சாயங்காலம் கடல். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்றும் வீச ஆரம்பித்துவிடும். நம் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால் சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கண் கூசாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கூட்டம் சேருவதற்குள் குகைகளைப் பார்த்துவிடலாம்.

நாளும் முக்கியம். காணும் பொங்கல் அன்று அங்கே போகவே கூடாது என்பது என் கட்சி. ஜன வெள்ளத்தில் பிள்ளையைத் தேடுவதிலேயே நாள் போய்விடும். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு இருளர் சமூகத்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் வந்து தங்கிக் கும்பிடுவார்கள், கல்யாணம்கூட நடக்கும். அது அவர்கள் நாள். நாம் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் சேர்ந்து கடல் முரடாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்கள் நாள் குறிக்கும்போது அமாவாசை, ஆபீஸ் லீவு, கிரிக்கெட் மேட்ச் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுப் பெண்களின் தேதியைப் பார்க்கமாட்டார்கள். நாமும் சொல்லக் கூச்சப்பட்டு, டாக்டரைக்கூடக் கேட்காமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளிப் போடுகிறோம். ஒரு நாள் சுற்றுலாவுக்காக உடம்பை இப்படிப் படுத்த வேண்டுமா? நான் இப்போதெல்லாம் காலண்டரை எடுத்து, "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம்" என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொன்னபோது வீட்டுக்காரர் முழித்தார். இப்போது அவரே கேட்டுக்கொண்டு தேதி வைக்கிறார்.

கழிப்பறையும் அப்படித்தான். வழியில் வசதி இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனை பேர்! அதனால் நீர்க்கடுப்பு வந்து மறுநாள் டாக்டரிடம் போகிறவர்களும் உண்டு. பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. டீசல் போட்டால்தான் என்று கிடையாது. சாவி இல்லை என்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தெந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் கிளம்பும்போதே நான் சொல்லிவிடுவேன். தனி வண்டி எடுப்பதில் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது குகைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். மூன்று குகையைப் பொறுமையாகப் பார்த்தால் போதும். மாமனார் "ஏழாம் நூற்றாண்டு, பல்லவர் காலம்" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் நழுவிவிடும். நான் வேறு மாதிரி செய்வேன். வராக மண்டபத்தில் பூமாதேவியைத் தூக்கி நிற்கும் வராகர், மூவடி அளக்கும் திரிவிக்கிரமர், யானைகள் தண்ணீர் ஊற்றும் கஜலட்சுமி இவர்களை "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிடுவேன். தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறதா என்று என் பெண் ஓடி ஓடிப் பார்ப்பாள்.

மேலே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் ஏறி வருகிற துர்க்கை, எருமைத் தலை அசுரன், அவன் பின்வாங்கிச் சாய்கிற நிலை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் பெருமாள் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். என் நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, நம்ம வீடு மாதிரியே இருக்கு பாருங்க. ஒருத்தி போராடறா, ஒருத்தர் தூங்கறார்" என்றாள். சாமி விஷயத்தில் அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூட்டு வலி உள்ளவர்களை அங்கே ஏற்ற வேண்டாம். கீழே ரோட்டு ஓரத்திலேயே அர்ச்சுனன் தபசும் கிருஷ்ண மண்டபமும் இருக்கின்றன, படி ஏறுகிற வேலை இல்லை. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கிருஷ்ணனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கொஞ்சம் நகர்ந்து பாருங்கள். ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. பக்கத்தில் தலையில் சுமையோடு ஒரு பெண். மலையையே ஒருவர் குடை மாதிரி பிடித்து நிற்கும்போதும் அவள் தலைச்சுமை இறங்கவில்லை! அந்தக் காலத்துச் சிற்பிக்கும் இது கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்திலேயே ஸ்தலசயனப் பெருமாள் கோவில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. மத்தியானம் நடை சாத்துவதற்குள் அத்தையை அழைத்துப் போய்விட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் சாளுவன்குப்பம் போய்விடுவோம். புலிக்குகை என்கிறார்களே, அங்கே. பேர்தான் புலிக்குகை. ஒரு பெரிய பாறையில் சின்ன மாடம், அதைச் சுற்றி யாளி முகங்கள், புலி இல்லை. என் பையன் எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றான். நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, கடலும் பக்கம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்து, 2005-ல் தோண்டியபோது மணலுக்கு அடியில் செங்கல் கட்டிய முருகன் கோவிலே கிடைத்தது. மாமனாரை அங்கே விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் கவலை இல்லை.

கட்டுச்சோறு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மரத்தடியில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுகிற ருசி ஓட்டலில் வராது. ஆனால் மூன்று மணிக்கு எழுந்து ஒருத்தியே எல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிக்காதது. புளிக்காய்ச்சல் நான் முதல் நாளே செய்து வைத்துவிடுவேன். சாதம் வடித்துக் கிளறுவது நாத்தனார். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்தால் மத்தியானம் வரைக்கும் புளிக்காது. அது அத்தையின் கைப்பக்குவம், அவர்கள் பொறுப்பு. காலை டிபனும் காபியும் வழியில் ஓட்டலில். அந்தச் செலவுக்கு முகம் சுளித்தால், "அப்படீன்னா நீங்க எழுந்து இட்லி ஊத்துங்க" என்று சொல்ல வேண்டியதுதான். டிரைவருக்கு முதலில் இலை போடுங்கள். சாயங்காலம் பத்திரமாக ஓட்ட வேண்டியவர் அவர்தான். சாப்பிட்டு முடித்தபின் எச்சில் தட்டு, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வண்டியிலேயே போட்டுவிடுவோம்.

இனி கடல். மாமல்லபுரத்துக் கடல் பார்க்க அழகு, இறங்க ஆபத்து. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிற இடத்தில் கால்கூட நனைக்க விடமாட்டேன். எங்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. சுற்றிலும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் நுரை இல்லாமல் அமைதியாகத் தெரிந்தால், அங்கே போகலாம் என்று தோன்றும். அதுதான் இழுக்கிற இடம். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பி ஓடுகிறது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி சோர்ந்துபோகக் கூடாது. கரைக்குப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வந்து, அப்புறம்தான் கரை ஏற வேண்டும். நீச்சல் தெரியாதவர் இன்னொருவரைக் காப்பாற்றக் குதித்து இருவருமே போன செய்தியை எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம். கயிறோ, மூடின காலி தண்ணீர் கேனோ தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். குடித்தவர்களைத் தண்ணீர் பக்கமே விடக்கூடாது, அது மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி. நாமும் புடவையோடு இறங்க வேண்டாம், நனைந்த புடவை காலைச் சுற்றிக் கவிழ்த்துவிடும். சுடிதார் நல்லது.

பை விஷயத்துக்கு நான் செய்த ஏற்பாடு இதுதான். பை, செருப்பு, போன், நகை எல்லாம் வேனுக்குள். பூட்டி, சாவி ஒருவர் கழுத்தில். கடற்கரைக்கு ஒரு தண்ணீர் கேனும் இரண்டு துண்டும் மட்டும் வரும். பைக்குக் காவலே தேவையில்லை என்றாகிவிட்டால் கண் எல்லாம் பிள்ளைகள் மேல் இருக்கும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கைதட்டிக் கூப்பிடுவது கணக்கில் சேராது. அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றம், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். ஐந்தரை மணிக்கு எல்லோரும் கரை ஏறிவிட வேண்டும்.

முதல் தடவை இப்படிப் போனபோது, "அத்தை, நீங்க வாங்க, கால் நனைக்கலாம்" என்று கூப்பிட்டேன். "செருப்பை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார்கள். செருப்பு வண்டியில் இருக்கிறது என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் அந்த வீட்டில் பை காவல் அவர்கள்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அலை பாதத்தைத் தொட்டதும், "சில்லுனு இருக்குடி" என்றார்கள். வேறு ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிஷம் நின்றோம். மாமனார் கரையிலிருந்து, "விழுந்துடப் போறே" என்று கத்திக்கொண்டே இருந்தார். அத்தை திரும்பியே பார்க்கவில்லை.

"இதென்ன மிலிட்டரி மாதிரி ஆளுக்கு ஒரு டூட்டி" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். வரும் பிப்ரவரியில் இரண்டாவது சனிக்கிழமைக்கு வண்டி பேசியாயிற்று. யார் யாருக்கு எந்த அரை மணி என்று எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன். முதல் அரை மணி அவருக்குத்தான். இரண்டாவது அரை மணிக்கு மாமனார் பேரை எழுதியது நான் இல்லை. கையெழுத்து அத்தையுடையது.

— ஒரு வாசகி, காஞ்சிபுரம்