பலகைக்குத் தெரியாத வெள்ளம்

அருவிகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் மலைப்பாதைகளிலும் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகைகள் இரு வகை. இங்கே எப்போதும் ஆபத்து உண்டு என்று சொல்வது ஒன்று. ஆபத்து இப்போது வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது மற்றொன்று. வழுக்குப் பாறைக்கும் சுழலுக்கும் முதல் வகை போதும். காட்டாற்று வெள்ளத்துக்குப் போதாது. ஆனால், ஒவ்வோர் உயிரிழப்புக்குப் பிறகும் 'கூடுதல் எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்படும்' என்று வரும் அறிவிப்பு முதல் வகையோடு நின்றுவிடுகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான பாறைச் சரிவில் பெய்யும் மழை நிலத்தில் ஊறாமல் நேரே அருவியில் இறங்கிவிடும். கீழே வெயில் காயும்போதும் வெள்ளம் வரலாம். தண்ணீர் கலங்கிச் செங்காவியாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். குளிக்க வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பலகைகளின் வழக்கமான வாசகமோ 'ஆபத்தான பகுதி, குளிக்கத் தடை, மீறினால் நடவடிக்கை'. என்ன ஆபத்து, எந்தப் பக்கம் ஏறித் தப்புவது என்பதற்கு அதில் இடமில்லை. துறையின் பெயருக்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு.

குற்றாலம் பேரருவியிலேயே இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்குள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. எழுத்தறியாதவருக்கும், தமிழ் தெரியாமல் கேரளத்திலிருந்து வருபவருக்கும் அது விளங்கும். அன்றைய தண்ணீரை அன்றே காட்டும் அடையாளம் அது.

இதையே அறிவியல்பூர்வமாகச் செய்தது நியூசிலாந்து. டோங்கரிரோ மலைப்பாதை சுமார் 20 கி.மீ. நீளம். 2012 ஆகஸ்ட் 6 இரவு அங்குள்ள டெ மாரி எரிமலைவாய் வெடித்துச் சிதறிய பாறைகள், பாதையோரத் தங்குகுடில் ஒன்றின் கூரையைத் துளைத்தன. நவம்பர் 21-ல் மறுபடி வெடித்தபோது பாதையில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு முறையும் உயிர்ச்சேதம் இல்லை. இருந்தும் அந்தப் பாதையில் இன்று மின்விளக்குப் பலகைகள் நிற்கின்றன; சிவப்பு விளக்கு மின்னினால், எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வெடிப்பில் ஒருவர்கூடச் சாகாத இடத்தில் அங்கே விளக்கு எரிகிறது. உயிர் போன இடத்தில் இங்கே பெயிண்ட் அடிக்கிறார்கள்.

மக்கள் பலகையைப் படிப்பதில்லை, செல்ஃபி மோகம்தான் காரணம் என்பது அதிகாரிகளுக்கு வசதியான சாக்கு. பத்து நாள் வெறும் பாறை கிடக்கும் இடத்தில் 'ஆபத்து' என்று எழுதியிருந்தால் பதினோராவது நாள் அதை யார் நம்புவார்கள்? மலையில் மின்வசதி இல்லை என்பதும் நிற்காத வாதம். சூரிய மின்தகட்டில் மின்னும் மஞ்சள் விளக்கு நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலை இருக்கிறது.

பவானி ஆற்றின் கதை இன்னும் மோசம். பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் வந்தால் மேட்டுப்பாளையத்தில் ஆறு மளமளவென உயரும். திறப்பவருக்கு நேரம் தெரியும். கரையோர மக்களுக்குச் செய்தியும் போகும். வெளியூரிலிருந்து வந்து ஆற்றில் இறங்கியவருக்குத்தான் தெரியாது.

நிலவரத்தோடு மாறாத எச்சரிக்கை சும்மா இருப்பதைவிடக் கெடுதல். ஜப்பானின் ஒன்டாகே எரிமலை 2014 செப்டம்பர் 27-ல் வெடித்து, காணாமல்போன ஐவரையும் சேர்த்து 63 பேரைப் பலிகொண்டது. அன்று எச்சரிக்கை நிலை 1. அதற்கு அப்போதிருந்த விளக்கம் 'இயல்பு'. அடுத்த ஆண்டே அந்த விளக்கத்தை ஜப்பான் மாற்றியது.

அருவிக்கு மேலே மழைமானி, கீழே அபாயச் சங்கு, மேலதிகாரியைக் கேட்காமலே கூட்டத்தை வெளியேற்றும் அதிகாரமுள்ள ஒரு பணியாளர். இந்த மூன்றும் இருந்திருந்தால் பழைய குற்றாலத்தில் அந்த உயிர் போயிருக்காது. இவை வரும்வரை, புதிதாக நட்ட பலகைகளின் எண்ணிக்கையை 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று எந்தத் துறையும் கணக்குக் காட்ட அனுமதிக்கக் கூடாது.