ஆயிரம் யூரோவும் ஒரு கடலும்

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் வேளையில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பரொருவர் வழவழப்பான சஞ்சிகையொன்றை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்க ஒரு சுழியோடி மணிக்கூடு. "இதை வாங்கினால் கடலுக்கும் ஒரு பங்கு போகிறது. உங்களுடைய கடல் கவிதைகள் ஒரு மீனையாவது காப்பாற்றியிருக்கின்றனவா?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இது அவருக்கான பதில்.

முதலில் நியாயமாகக் கணக்குப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் பிளாங்பா கம்பனி 2014இல் சமுத்திரப் பாதுகாப்பின் பேரில் 250 மணிக்கூடுகளை மட்டும் வெளியிட்டது. விற்கும் ஒவ்வொன்றுக்கும் 1000 யூரோ கடலாய்வுப் பயணங்களுக்குப் போகும் என்றது. 2016இலும் 2018இலும் அதே எண்ணிக்கை, அதே தொகை. மூன்று தொடர்களும் விற்றுத் தீர்ந்தால் ஏழரை இலட்சம் யூரோ. இதை நான் கேலி செய்யவில்லை. 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று மழுப்பும் விளம்பரங்களுக்கு நடுவில், தொகையை முன்கூட்டியே சொன்னது நேர்மைதான். அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன். மோசமான உதாரணத்தை அடித்து வீழ்த்துவது வாதமாகாது.

ஆனால் கடலுக்கு ஆயிரம் யூரோ கொடுக்க விரும்புகிறவர் அதை நேரடியாகவே கொடுக்கலாமே. இடையில், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒரு மணிக்கூடு எதற்கு? அது விற்றால்தான் கடலுக்குப் பங்கு. விற்காவிட்டால் கடல் கடைவாசலில் காத்து நிற்க வேண்டும். இதற்குப் பேர் கொடையா, விற்பனை உத்தியா?

இந்த மணிக்கூட்டின் பூர்வீகம் மரியாதைக்குரியது. 1953இல் அதை உருவாக்கிய ஃபீஷ்டர் தானே ஒரு சுழியோடி. ஆழத்தில் காற்றுத் தீர்ந்து தவித்த அனுபவமுள்ளவர். அதே காலத்தில் மலூபியே, ரிஃபோ என்ற இரு அதிகாரிகள் பிரெஞ்சு நீரடிப் படையினருக்கு ஏற்ற மணிக்கூட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயரே 'ஐம்பது பாகம்'. ஏறத்தாழ 91 மீற்றர். இறங்கும்போது சுழல் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், கடந்த நிமிடங்களை இருட்டிலும் வாசிக்கலாம். வளையம் தவறித் திரும்பாதிருக்க ஒரு பூட்டு. கணக்குப் பிழைத்தால் உயிர் போகும்.

இன்று ஆழத்தையும் நேரத்தையும் மேலேறும் வேகத்தையும் சுழியோடிக் கணினி சொல்லிவிடுகிறது. அன்று கடலுக்குப் போனவனுக்கு மணிக்கூடு தேவைப்பட்டது. இன்று மணிக்கூட்டுக்குக் கடல் தேவைப்படுகிறது.

1956இல் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' கான் விழாவின் உயர்விருதைப் பெற்றது. அதன் சுழியோடிகளின் கைகளில் இதே மணிக்கூடு இருந்தது. அதே படத்தில், மீன்களைக் கணக்கெடுப்பதற்காக முருகைக் கற்பாறையில் டைனமைட் வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். கூஸ்தோ பின்னர் மாறினார். கடலைக் காக்கும்படி உலகம் முழுவதும் குரல் கொடுத்தார். மாற்றம் என்றால் அது. மணிக்கூட்டை வாங்குகிறவர் எதை மாற்ற வேண்டும்? மணிக்கட்டிலிருந்த பழையதை மட்டும்தான்.

கடலின் கடனை யார் தீர்ப்பது என்பது எமக்குப் புதிய கேள்வியல்ல. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, நீர்கொழும்பு வரை பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியதைக் கண்டோம். சூழல் அமைப்புகளும் மீனவர் தரப்பும் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தப் பணித்தது. அந்தப் பணத்தைக் கைக்கு எடுப்பது இன்னொரு போராட்டம். ஆயினும் அத்தீர்ப்பில் நான் வாசிப்பது ஒன்றுதான்: கெடுத்தவன் கடலுக்குக் கொடுப்பது தர்மமல்ல, கடன். கடனுக்குக் கைதட்டலும் கிடையாது, வரையறுக்கப்பட்ட பதிப்பும் கிடையாது.

இனிக் கவிதைக்கு வருகிறேன். நண்பர் சொன்னது சரி. என் கவிதை எந்த மீனையும் காப்பாற்றவில்லை. ஆனால் சொற்களைக் காப்பதற்கு எழுதுகிறவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. 'சமுத்திர அர்ப்பணிப்பு' என்பது அந்த மணிக்கூட்டு வரிசையின் பெயர். அர்ப்பணிப்பு ஒரு மாடலின் பெயராகிவிட்டால், நாளை உண்மையிலேயே தன்னை அர்ப்பணித்தவனை எந்தச் சொல்லால் அழைப்போம்? நாம் அன்று சிரித்திருக்கக் கூடாது.

நண்பர் அந்த மணிக்கூட்டைத் தாராளமாக வாங்கட்டும். அழகான பொருள்தான். "அழகுக்காக வாங்கினேன்" என்று சொல்லட்டும். நான் கை குலுக்குவேன். கடலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.