வாய்க்காலுக்கு ஆகாயச் சாட்சி

பொன்னேரித் தாலுகாவில் வசிப்பவர்களுக்கு ராக்கெட் ஓர் அபூர்வ வஸ்து அன்று. பழவேற்காட்டு ஏரியையும் சமுத்திரத்தையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவிலிருந்து அது கிளம்பும்போது, ஏரிக்கரைக் குப்பங்களில் இடி முழக்கம்போல் சப்தம் கேட்கும். வானத்தில் வெண்புகைக் கோடு ஒன்று வளைந்து போகும். அன்றைய தினம் இன்ன கடற்பரப்பிற்குப் போகவேண்டாம் என்று மீனவர்களுக்கு முன்னதாகவே எச்சரிக்கை வந்துவிடும். பெரியவர்கள் ஒரு நாள் தொழில் போயிற்றே என்று வலையைச் செப்பனிடுகிறார்கள், குழந்தைகள் கைகொட்டுகிறார்கள். அந்த ராக்கெட் சுமந்து சென்ற சாமான் மேலே போய் என்ன செய்கிறது என்று விசாரிப்பவர் மட்டும் சொற்பம். விசாரிக்கவேண்டியவர்கள் முக்கியமாக இந்தத் தாலுகாவாசிகளே என்பது நமது அபிப்பிராயம்.

மேலே போனவற்றில் பல, பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள். இவ்வகையில் நடைமுறைச் சேவைக்கென்று அமைந்த நமது தேசத்தின் முதற் கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சோவியத் நாட்டு பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அப்போது நம்மிடம் அதற்குத் தக்க வாகனம் இல்லை. 1994-இல் நம்முடைய ராக்கெட்டே அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கோளை ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து கொண்டுபோய் வைத்தது. பிறகு 2003-இல் ரிஸோர்ஸ்ஸாட், 2005-இல் கார்ட்டோஸாட் என்று வரிசையாகச் சென்றன. இவற்றின் வேலைகளுள் ஒன்று, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, ஓடினால் எதுவரையில் ஓடுகிறது என்று பார்ப்பது. இத்தனை பெரிய யந்திரத்திற்கு இத்தனை சின்ன வேலையா என்று தோன்றலாம். வேலை சின்னதன்று.

நீர்ப்பாசனத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. ஓர் அணை கட்டி, கால்வாய் வெட்டி, இத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சமுடியும் என்று காகிதத்தில் எழுதுவது ஒன்று. உண்மையில் எத்தனை ஏக்கர் நனைந்தது என்பது மற்றொன்று. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில், அதாவது 2012-இல், தேசம் முழுவதிலும் முதற் கணக்கு சுமார் 11 கோடி ஹெக்டேர். இரண்டாவது சுமார் 9 கோடி. நடுவே நிற்கும் 2 கோடி ஹெக்டேர் என்பது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு! பணம் செலவாயிற்று; ரிப்போர்ட்டும் எழுதியாயிற்று; தண்ணீர் மட்டும் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதைக் கடைமடைக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். தலைமடையில் மதகு திறந்த அன்றே ஜலம் வந்துவிடும். கடைமடையில் பயிர் வாடிய பிறகு வரும். சில வருஷம் வராமலே போகும். ஆனால் மனு எழுதிக் கொடுத்தால், "எங்கள் ரிஜிஸ்தரில் பாசனம் நடந்ததாக இருக்கிறதே" என்பது பதில். ரிஜிஸ்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அந்த ஏழைக்கு யார் இருந்தார்கள்? இப்போது ஆகாயத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

பாதியில் நின்ற பாசன வேலைகளை முடிப்பதற்காக 1996-97-இல் மத்திய சர்க்கார் துரித நீர்ப்பாசனப் பயன் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து ராஜ்யங்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. கொடுத்த பணத்திற்கு எவ்வளவு வேலை நடந்தது என்று பார்ப்பதற்கு ஒவ்வோர் இஞ்சினீயராக அனுப்பினால், ஆயிரக்கணக்கான மைல் கால்வாயை அவர்கள் எப்போது நடந்து முடிப்பது? ஆகவே ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார் கார்ட்டோஸாட் படங்களைக் கொண்டு பரீட்சித்தார்கள். முதலில் வங்காளத்தில் டீஸ்டா, கர்நாடகத்தில் மேல்கிருஷ்ணா என்ற இரண்டு திட்டங்கள். பிறகு தேசமெங்கும் 53 திட்டங்கள்.

முறை மிக எளிது. கார்ட்டோஸாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் இரண்டரை மீட்டர். பெரிய கால்வாயும் கிளைக் கால்வாயும் தெளிவாகத் தெரியும். அதில் இரண்டு காமிராக்கள் இருப்பதால், நாம் இரு கண்களால் அறிவதுபோல் மேடு பள்ளத்தையும் அறியலாம். படத்தில் காணும் கால்வாய்களைக் கோடாக வரைந்து, சர்க்கார் அங்கீகரித்த திட்ட வரைபடத்தின்மேல் பொருத்தவேண்டும். எங்கே கோடு இருக்கிறது, எங்கே இல்லை, எந்த ஓடையைக் கடக்கும் தொட்டிப் பாலம் இன்னும் கட்டப்படவில்லை என்பதெல்லாம் வெளியாகிவிடும்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பத்து மைல் கால்வாயில் ஒன்பதே முக்கால் மைல் வெட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதக் கணக்குப்படி வேலை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பாகம் பூர்த்தி. ஆனால் வெட்டாத அந்தக் கால் மைல், மூன்றாவது மைலில் ரெயில்பாதைக்கு அடியில் இருந்தால்? அதற்குக் கீழேயுள்ள கால்வாய் முழுவதும் ஆடு மேய்கிற பள்ளம்தான். ஆகையால் மையத்தார் வெட்டிய நீளத்தை மாத்திரம் கூட்டாமல், தலைமதகிலிருந்து அறுபடாமல் தொடர்ந்து வரும் பகுதி எவ்வளவு என்று பார்த்தார்கள். அதைச் சேர்ந்த ஆயக்கட்டையே பாசன வசதி பெற்றதாக ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக் கணக்கில்கூட இந்த நியாயம் உண்டு. ஆனால் பெரிய ஆபீஸ்களில் அது நுழைவதற்கு ஆகாயத்திலிருந்து வரவேண்டியிருந்தது!

கால்வாய் இருப்பது வேறு, பயிர் விளைவது வேறு. அதற்கு வேறுவகைப் படம் வேண்டும். பசுமையான இலை, சூரிய ஒளியில் சிவப்பைத் தின்றுவிட்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காமிரா இரண்டையும் தனித்தனியே அளக்கிறது. வித்தியாசம் அதிகமாக இருந்தால் பயிர் செழிப்பு. கண்ணுக்குத் தெரியாத கதிரைக் காட்டச் சிவப்பு வர்ணத்தைக் கொடுப்பது வழக்கமாகையால், பச்சை வயல் படத்தில் செக்கச் செவேலென்று இருக்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் ஊரே தீப்பற்றிவிட்டதோ என்று பயப்படுவதுண்டு. ரிஸோர்ஸ்ஸாட்டின் ஒரு காமிராவுக்கு ஓர் ஏக்கர் என்பது ஏழு புள்ளி. ஐரோப்பியர்கள் 2015 முதல் அனுப்பியிருக்கும் ஸென்டினல் 2 கோள்களுக்கு அதே ஏக்கர் நாற்பது புள்ளி, அதுவும் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் இனாமாக.

இவ்விதத்தில் முன்னோடியான வேலை கர்நாடகத்துப் பத்ரா அணையின் ஆயக்கட்டில் நடந்தது. திருவேங்கடாசாரி, சக்திவடிவேல் என்ற இரு நிபுணர்கள் பல வருஷத்துப் படங்களைச் சேர்த்துக்கொண்டு, நெல் எவ்வளவு, மகசூல் எப்படி என்று கால்வாய் வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். கொழும்பில் தலைமை ஸ்தானம் கொண்ட சர்வதேச நீர்ப்பாசன நிர்வாக ஸ்தாபனம் 1997-இல் அதை வெளியிட்டது. ஓர் அணையின் வயல்களெல்லாம் ஒரே குடும்பம் என்று நினைக்கிறோம். அந்தக் குடும்பத்தில் யாருக்கு இலை நிறையச் சாதம், யாருக்கு வெறும் இலை என்று அடையாளம் காண்பதற்கு இதில் வழி பிறந்தது. அமெரிக்காவில் ஐடஹோ ராஜ்யத்தார் இன்னும் ஒருபடி மேலே போய், வயலின் உஷ்ணத்தை ஆகாயத்திலிருந்து அளந்து, தண்ணீர் குடிக்கும் பயிர் குளிர்ந்திருக்கும் என்ற சூத்திரத்தைக்கொண்டு, யார் எவ்வளவு ஜலம் செலவிட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, இனி கிராம அதிகாரியும் அடங்கலும் வேண்டாம் என்று யாரும் தீர்மானித்துவிடக்கூடாது. ஆகாயச் சாட்சிக்கும் குறுக்கு விசாரணை அவசியம். அதற்கு எங்கள் பொன்னேரிப் பக்கத்தைவிடத் தகுந்த நீதிஸ்தலம் கிடையாது.

முதலாவது, இங்கே சிவப்பாகத் தெரிவதெல்லாம் நெல் அன்று. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்பு; வாய்க்கால் கரையில் வேலிக்காத்தான். வேலிக்காத்தான் மண்டிய வாய்க்கால் மேலிருந்து பார்க்கச் செழிப்பாகத்தான் இருக்கும். அதில் தண்ணீர் ஓடி எத்தனை வருஷமாயிற்று என்பது கரையில் நிற்பவனுக்கே தெரியும். இரண்டாவது, நீர் நிற்கிற இடமெல்லாம் நடவு வயலும் அன்று. இறால் பண்ணையாகவும் இருக்கும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய மயக்கம். ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட இந்தப் பூமியில் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் தாராளம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைப் பட்டணத்திற்கே ஜலம் போயிற்று. இறைத்த இறைப்பில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே ஏறிவிட்டது. வாய்க்கால் வறண்டிருக்க, ஆழ்குழாய்க் கிணற்றால் ஒரு வயல் பசுமையாக நின்றால், படம் அதையும் பசுமை என்றே சொல்லும். கால்வாய்க்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டால் பொய்க் கணக்காகும். பூமிக்கு அடியில் ஏறும் உப்பு காமிராவுக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த பெண்பிள்ளைக்குத் தெரியும்.

நான்காவது, மேகம். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். சம்பாப் பயிர் வயலில் நிற்கும்போது வானம் மூடிக்கிடக்கும். நவரைக்குப் படம் பளிச்சென்று விழும். சம்பாவுக்கு வெறும் பஞ்சுப் பொதிதான். இந்தத் துன்பத்திற்கு மருந்து ராடார். அது தானே கதிரை அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிப்பதால், அதற்கு மேகமும் இல்லை, இரவும் இல்லை. தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் கதிரைத் திசை திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிஸார் என்ற ராடார்க் கோள் 2025-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி இதே ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்துதான் கிளம்பிற்று. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை அது ஒரே வழியில் திரும்பி வரும்.

இதையெல்லாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "சார், வயலுக்குத் தண்ணி வந்துச்சான்னு மேலேயிருந்து பாக்கறாங்க. ஏரிக்கு வந்துச்சான்னு யாராவது பாக்கறாங்களா?" என்றான்.

வாசகர்களில் சிலருக்கு இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆரணியாறு ஆந்திரத்தில் உற்பத்தியாகி, பிச்சாட்டூரில் அணையில் தங்கி, வழியிலுள்ள அணைக்கட்டுகளில் ஏரி குளங்களுக்குப் பிரிந்து, மிச்சம் இருந்தால் பழவேற்காட்டு ஏரியில் விழுகிறது. மழைக்காலத்து நன்னீர் வந்தால்தான் ஏரியின் கடுத்த உப்புக் குறையும். வெள்ளத்தின் வேகம் இருந்தால்தான் மணல் அடைத்த முகத்துவாரம் திறக்கும். முகத்துவாரம் திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும். பாசனக் கணக்கில் "கடலுக்குப் போன வீண் ஜலம்" என்று எழுதுவது எதுவோ, அது குப்பத்துக் கணக்கில் மூலதனம். கடைமடைக்கும் கடைமடை இந்த ஏரி. ஆயக்கட்டு ரிஜிஸ்தரில் இதற்குப் பத்தி கிடையாது.

ஏரியிலும் வயலைப்போலவே முறை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த நாளில் எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பங்கிட்டு வருகிறார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவதற்கு இது எள்ளளவும் குறைந்ததன்று. பாட்டில் பங்கில்லாத இருளர் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரி வற்றினால் முதலில் காய்வது அவர்களுடைய அடுப்பு.

பையனுக்கு என்ன பதில்? பார்க்கலாம் என்பதே. உப்பை நேரே அளக்க இந்தக் காமிராக்களுக்குச் சக்தி போதாது. ஆனால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணற்கோடு குறுக்கே வளர்ந்துவிட்டதா, கோடையில் ஏரியின் வடபாகம் எவ்வளவு சேறாகிவிட்டது, வெள்ளக் காலத்தில் ஆற்றுக் கலங்கல் எதுவரையில் பரவிற்று என்பவை அதே படங்களில் இருக்கின்றன. அமெரிக்கர்களின் லாண்ட்ஸாட் வரிசை 1972 முதல் எடுத்து வைத்த படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இனாம். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஏரியின் ஜாதகம் அங்கே கிடக்கிறது. பிச்சாட்டூர் அணையின் நீர்க்கணக்கையும், பொன்னேரி வயல்களின் பசுமையையும், பழவேற்காட்டு முகத்துவாரத்தையும் ஒரே காகிதத்தில் எழுதுவதற்கு யந்திரத்தில் குறையில்லை. எழுதச் சொல்வார்தாம் வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். தங்கள் ஊர் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்த தேதி ஒரு பக்கம். முகத்துவாரம் திறந்த தேதியும் அடைத்த தேதியும் எதிர்ப் பக்கம். மேகமில்லாத நாளில் படத்தோடு ஒத்திட்டுப் பார்க்கிறோம். இரண்டு இடங்களில் வேலிக்காத்தானை நெல் என்று படத்தில் குறித்திருந்த மாணவர்களை, அந்த ஊர்ப் பையன்களே திருத்திவிட்டார்கள். ஐப்பசியில் ஆரணியாற்றுக் கரைக் கிராமங்களுக்குப் போகும் நேயர்கள், கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்த தேதியை ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டால், நோட்டில் அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.