மிளகாய் விதையை மாற்றிக்கொள்ளச் சட்டம் தடுக்கிறதா? புதிய விதை மசோதாவும் வீட்டுத் தோட்டமும்

கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள சங்கராபுரம் பக்கம், ஒரு வீட்டு மிளகாய்ச் செடி நன்றாகக் காய்த்தால் அடுத்த தெருவுக்குத் தகவல் போய்விடும். "அக்கா, விதைக்கு நாலு பழம் செடியிலேயே விட்டு வைங்க" என்று யாராவது சொல்லி வைப்பார்கள். பழம் சிவந்து, காய்ந்து, ஒரு பேப்பரில் மடித்து கை மாறும். பதிலுக்குக் கொஞ்சம் அவரை விதையோ சுரை விதையோ வரும். அவ்வளவுதான், விதைப் பரிமாற்றம் முடிந்தது.

இப்போது இதே வேலை வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் இளைஞர்கள், ஊரில் பாட்டி வைத்திருந்த குண்டு மிளகாயை அபார்ட்மென்ட் பால்கனியில் வளர்க்கப் பார்க்கிறார்கள். தை பட்டம் நெருங்கும் நேரத்தில் அந்தக் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றுகிறது: "புது விதைச் சட்டம் வந்தா விதையை யாருக்கும் குடுக்கக் கூடாதாமே, 30 லட்சம் ஃபைனாமே?"

அப்படி இல்லை. ஆனால் கேள்வி முழுக்கத் தவறும் இல்லை.

மசோதாவில் என்ன இருக்கிறது?

மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் விதைகள் மசோதாவின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 1966-ம் ஆண்டு விதைகள் சட்டத்துக்கும், 1983-ம் ஆண்டு விதைகள் கட்டுப்பாட்டு ஆணைக்கும் பதிலாக இதைக் கொண்டுவருவதே திட்டம்.

கடையில் விற்கும் விதைதான் மசோதாவின் முக்கிய இலக்கு. விற்பனைக்கு வரும் ரகங்களைப் பதிவு செய்ய வேண்டும். விதை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க பாக்கெட்டில் க்யூஆர் கோடு இருக்க வேண்டும். போலி விதை விற்பது போன்ற பெரிய குற்றங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் '30 லட்சம்' இங்கிருந்து வந்ததுதான்.

அதே வரைவில், விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்றும் இருக்கிறது. ஒரே நிபந்தனை, பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது. விவசாயிகளின் சொந்த ரகங்களுக்குக் கட்டாயப் பதிவிலிருந்தும் விலக்கு உண்டு.

அப்படியென்றால் எதிர்ப்பு ஏன்? தனி விவசாயிக்குத் தரும் விலக்கு விதைக் குழுக்களுக்கும் சமுதாய விதை வங்கிகளுக்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது விமர்சகர்களின் வாதம். ஊர் ஊராகப் போய் நாட்டு விதை சேர்த்துக் கொடுக்கும் ஒரு குழுவை, கோடிகளில் வியாபாரம் செய்யும் கம்பெனியோடு ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்கிறார்கள்.

இப்போது அமலில் இருக்கும் சட்டம்?

1966-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவது, அரசு அறிவிக்கை செய்த ரகங்களின் விதையை 'தொழிலாக' விற்பதையும் பண்டமாற்று செய்வதையும்தான். அதன் 24-வது பிரிவு இன்னொரு வசதியும் தருகிறது. ஒருவர் தானே விளைவித்த விதையை, தன் இடத்திலேயே வைத்து, விதைப்பதற்காக இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுத்தாலோ விற்றாலோ இந்தச் சட்டம் பொருந்தாது. அந்தப் பிரிவில் 'விவசாயி' என்ற சொல் இல்லை, 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது. பேப்பரில் மடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் மிளகாய் விதைக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது, 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். கம்பெனிகள் பதிவு செய்து காப்புரிமை போன்ற பாதுகாப்பு வாங்கிய ரகமாக இருந்தாலும், விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்கிறது 39-வது பிரிவு. பிராண்ட் விதையாக மட்டும் விற்கக் கூடாது. நிலத்தில் தானே பயிர் செய்பவர் மட்டுமல்ல, பாரம்பரிய ரகங்களைப் பாதுகாத்து வருபவரும் இந்தச் சட்டத்தில் 'விவசாயி'தான். மாடியில் நாலு தொட்டியில் நாட்டு மிளகாயைக் காப்பாற்றி வரும் ஐடி ஊழியர் இதற்குள் வருவாரா என்று கேட்டால், வருவார் என்று வாதிட இடம் இருக்கிறது.

இந்த உரிமை சோதிக்கப்பட்டதும் உண்டு. தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டதாக, 2019-ல் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டு மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. விதையைப் பகிர்ந்தால் சிறை என்று சட்டம் வைத்திருந்த கென்யாவில், அந்தப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் நிலைமை அந்த அளவுக்குப் போனதில்லை.

அப்புறம் பிரச்சினை எங்கே?

பாக்கெட்டுக்குள்ளே. உரிமை கையில் இருந்தாலும், சேமிக்கத் தகுந்த விதை கையில் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

கடையில் வாங்கும் மிளகாய் விதை பாக்கெட்டில் 'எஃப்1' அல்லது 'ஹைப்ரிட்' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு பெற்றோர் செடிகளைச் சேர்த்து உருவாக்கிய முதல் தலைமுறை. முதல் முறை செடிகள் எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்து காய்த்துத் தள்ளும். அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால், அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒன்று குட்டையாக இருக்கும், ஒன்று காரமே இல்லாமல் காய்க்கும், ஒன்று சரியாகக் காய்க்காது. விதை முளைக்கும், ஆனால் போன வருஷத்து மிளகாய் திரும்பக் கிடைக்காது. இங்கே எந்தச் சட்டமும் தடை போடவில்லை. ஆனாலும் அடுத்த வருஷம் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்.

நாட்டு ரகங்களும், பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட சாதாரண ரகங்களும் அப்படி இல்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த கே1, கே2, பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பிஎல்ஆர்1 போன்றவற்றில் கவனமாக விதை எடுத்தால் தாய்ச்செடி மாதிரியே மகள் செடியும் வரும். தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தின் காய்கறி விதைத் தொகுப்பிலும் மிளகாய் இருக்கிறது. அதை வாங்கியவர்கள் பாக்கெட்டில் ரகமா, ஹைப்ரிட்டா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு விதைக்கு விடுவது நல்லது.

'கவனமாக' என்றால் எப்படி?

மிளகாய்ப் பூ தானாகவே கருவுறும். ஆனால் தேனீயும் மற்ற பூச்சிகளும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால்தான் சான்று விதை உற்பத்தியில் ஒரு மிளகாய் ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். ஆதார விதைக்கு 400 மீட்டர். சங்கராபுரத்துத் தெருவிலோ சென்னை மாடியிலோ இது நடக்காத காரியம். குண்டு மிளகாய்க்குப் பக்கத்திலேயே பஜ்ஜி மிளகாய் பூத்துக்கொண்டிருக்கும். இந்த வருஷக் காயில் வித்தியாசம் தெரியாது. கலந்திருப்பது அந்த விதையை வாங்கிப் போனவர் வீட்டில்தான் அடுத்த வருஷம் தெரியும்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மொட்டு விரியும் முன்பே ஒரு சின்னக் கிளையை மெல்லிய வலைத் துணிப் பையால் மூடிக் கட்ட வேண்டும். தினமும் காலையில் லேசாகத் தட்டிவிட்டால் உள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடக்கும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு கலர் நூல் கட்ட வேண்டும். நூல் கட்டிய காய் சமையலுக்கு இல்லை, விதைக்கு. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது முக்கியம், இல்லையென்றால் அது சாம்பாருக்குப் போய்விடும்.

பழம் செடியிலேயே முழுதாகச் சிவக்க வேண்டும். நல்ல செடி ஒன்றிலிருந்து மட்டும் எடுக்காமல், நாலைந்து செடிகளிலிருந்து எடுப்பது பாதுகாப்பு. கறுப்புப் புள்ளியோ அழுகலோ உள்ள பழத்தைத் தொடவே கூடாது. பழ அழுகல் நோய்க்கான பூஞ்சை விதையோடு சேர்ந்தே பயணம் செய்யும். அப்படிப்பட்ட விதையைக் கொடுத்தால் நோயையும் சேர்த்தே கொடுத்ததாக ஆகும்.

விதையின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சான்று விதைக்கான தரம். வீட்டில் இதை அளக்க முடியாது. நிழலில் நன்றாக உலர்த்தி, மடக்கினால் வளையாமல் பட்டென்று உடைகிறதா என்று பார்த்தால் போதும். பிறகு காற்றுப் புகாத பாட்டிலில், குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். கொடுக்கும் முன் 20 விதையை ஈரத் துணியில் சுற்றி இரண்டு வாரம் பார்க்க வேண்டும். மிளகாய்க்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம், அதாவது 20-க்கு 12. அதற்குக் கீழே இருந்தால், "கொஞ்சம் கூடுதலாப் போடுங்க" என்று சொல்லிக் கொடுப்பதுதான் நேர்மை.

பெயர், கூரியர், வெளிநாடு

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விதையை சங்கராபுரத்தில் போடக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தாராளமாக வளர்க்கலாம், சாப்பிடலாம். இங்கே விளைந்ததை 'ராமநாதபுரம் முண்டு' என்று பெயர் போட்டு விற்கத்தான் முடியாது.

வெளிநாட்டு விதை விஷயம் வேறு. உலகின் அதிகக் கார மிளகாய்கள் என்று ரீல்ஸில் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரிடம் "ரெண்டு விதை எடுத்துட்டு வாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதை இறக்குமதிக்கு அனுமதியும் நோயில்லை என்ற தாவர சுகாதாரச் சான்றும் வேண்டும். 2020-ல் பல நாடுகளில் யாரும் கேட்காத விதை பாக்கெட்டுகள் தபாலில் வந்தபோது, மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது. இங்கே இல்லாத ஒரு வைரஸ் விதையில் வந்து இறங்கினால், பாதிக்கப்படப்போவது மாடித் தோட்டம் மட்டுமல்ல, மிளகாயை நம்பி வாழும் விவசாயிகளும்தான்.

இனி என்ன?

மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும்போது இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'விவசாயி' என்பதற்கான விளக்கம். அது நிலம் வைத்திருப்பவரோடு நின்றுவிடுமா, பாரம்பரிய ரகத்தைக் காப்பவரையும் சேர்க்குமா? இரண்டு, 1966-ம் ஆண்டுச் சட்டத்தின் 24-வது பிரிவில் 'ஒருவர்' என்று இருந்த அந்தப் பரந்த விலக்கு, புதிய சட்டத்தில் அதே அளவில் தொடருமா? விலக்கு விவசாயிக்கு மட்டும் என்று சுருங்கினால், வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இப்போதுள்ள தெளிவு குறையும்.

அதுவரை செய்வதற்கு வேலை இருக்கிறது. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விதி இருந்தது. 2 கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-ல் மறைந்தார். அந்த விதியின் கணக்கு மிளகாய்க்கும் பொருந்தும். ஒரு கிராமில் சுமார் 150 விதை இருக்கும், அது பல வீடுகளுக்குப் போதும். ஒரு ரகம் ஒரே வீட்டில் மட்டும் இருந்தால், ஒரு மழையோ ஒரு இலைச்சுருட்டை நோயோ அதை முடித்துவிடும். அதே விதை ஐந்து வீட்டில் இருந்தால், ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பேப்பர் மடிப்பின் மேல் நாலு விவரம் எழுதினால் போதும்: மிளகாயின் பெயர், எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது, பை கட்டி எடுத்ததா இல்லையா.