பதவியில் தாத்தா, நன்கொடையில் பேரன்: அமெரிக்க அரசியலில் மெல்லன் குடும்பம்

2025 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்த வேளையில், ராணுவ வீரர்களின் சம்பளத்திற்காக ஒருவர் 13 கோடி டாலர், அதாவது சுமார் 55 கோடி ரிங்கிட், நன்கொடை வழங்கினார். அவருடைய பெயரை வெளியிட அதிபர் டிரம்ப் மறுத்துவிட்டார். அடுத்த சில நாள்களில், கொடுத்தவர் திமோத்தி மெல்லன் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது.

மெல்லன் என்ற பெயர் வாஷிங்டனுக்குப் புதியதல்ல. திமோத்தியின் தாத்தா ஆண்ட்ரூ மெல்லன், பிட்ஸ்பர்க் நகரில் தந்தை தொடங்கிய வங்கியைப் பெரிதாக்கியவர். அலுமினியம், எண்ணெய் ஆகிய தொழில்களிலும் அவர் முதலீடு செய்தார். 1921 முதல் 1932 வரை மூன்று அதிபர்களின் கீழ் நிதியமைச்சராகவும் இருந்தார். அவர் காலத்தில் அதிகபட்ச வருமான வரி 73 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அதனால்தான் பொருளாதாரம் வளர்ந்தது, நாட்டின் கடனும் குறைந்தது என்றனர் ஆதரவாளர்கள். பணக்காரர் ஒருவர் பணக்காரர்களுக்கே வரியைக் குறைத்தார் என்றனர் எதிர்ப்பாளர்கள். பொருளாதார மந்தம் வாட்டிய 1932 தொடக்கத்தில், அவரைப் பதவியிலிருந்து நீக்கும் முயற்சி நாடாளுமன்றத்தில் தொடங்கியது. அவர் விலகி, பிரிட்டனுக்கான தூதராகச் சென்றார்.

பேரனுக்கு அத்தகைய பதவி எதுவும் தேவைப்படவில்லை. 2010இல் வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, வேட்பாளரைச் சாராத பிரசாரக் குழுக்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பணம் கொடுக்கலாம். 2024 அதிபர் தேர்தலில் டிரம்ப்பை ஆதரித்த ஒரு குழுவுக்கு மட்டும் திமோத்தி வழங்கியது 15 கோடி டாலர். அதற்கு முன், 2021இல் டெக்சஸ் மாநிலம் எல்லைச் சுவர் கட்டவும் 5 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்திருந்தார்.

வங்கிக் குடும்பங்கள் உலகை மறைவிலிருந்து ஆள்வதாகக் கூறும் வாட்ஸ்அப் தகவல்கள் அடிக்கடி வலம் வருகின்றன. மெல்லன் குடும்பத்தின் கதை அப்படிப்பட்டதல்ல. வரிக் குறைப்பு சட்டமாகவே நிறைவேறியது. பிரசார நன்கொடைகளும் தேர்தல் ஆணையத்தின் பதிவில் உள்ளன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ராணுவத்திற்குச் சென்ற பணமோ பெயரில்லாமல் வந்தது. சுமார் 13 லட்சம் வீரர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 100 டாலர்தான். நன்கொடை பெறச் சட்டத்தில் இடமுண்டு என்பது பென்டகனின் விளக்கம். ஆனால் அரசாங்கச் செலவுக்கு நாடாளுமன்றமே ஒப்புதல் தர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. படைக்கான சம்பளத்தைத் தனிமனிதர் கொடுக்கலாம் என்றாகிவிட்டால், அந்த அதிகாரத்திற்கு என்ன பொருள்?

ஆண்ட்ரூ மெல்லனிடம் கணக்குக் கேட்க நாடாளுமன்றத்தால் முடிந்தது. எந்தப் பதவியிலும் இல்லாத பேரனிடம் யார் கேட்பது? தொகையைவிடப் பெரிய கவலை அதுதான்.