கூரையில் விளக்கு, காலடியில் இருட்டு



நம் சங்கத்து இளைஞரிடையே இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது, மலை மோகம். சனிக்கிழமை மாலை வந்துவிட்டால் புத்தகம் ஒரு மூலை, கவலை ஒரு மூலை. நால்வரோ அறுவரோ கூடி, ஒரு பழைய ஜீப்பிலோ ஜிப்ஸியிலோ ஏறி, முசௌரிக்கும் சக்ராதாவுக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். போகட்டும். இளமையில் மலையேறாமல் வேறு எப்போது ஏறுவது? நான் குறைகூற வந்தது பயணத்தை அன்று. அந்த வண்டிக்கு நாம் செய்யும் அலங்காரத்தை!

கையில் பத்தாயிரம் ரூபாய் சேர்ந்தால் அது எங்கே போகிறது? கூரைமேல் விளக்கு வரிசைக்குப் போகிறது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் யானைக்கால் போன்ற டயருக்குப் போகிறது. பிரேக்கின் முறை வரும்போது பை காலி. "இன்னும் பிடிக்கிறதே, அண்ணா!" என்று பதில் வருகிறது. பிடிக்கிறதுதான். எதுவரை பிடிக்கும் என்பதல்லவா கேள்வி?

சென்ற குளிர்கால விடுமுறையில் அதன் விடையை நான் கண்டேன். எழுவர் முசௌரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஏதோ தீய்ந்த நாற்றம். யாரோ கரும்பு ஆலை என்றார்; மலையில் ஏது ஆலை? அடுத்த வளைவில் ஓட்டியவரின் கால் பெடலோடு தரைவரை இறங்கிற்று, வண்டி நிற்கவில்லை. அவர் பதறாமல் இரண்டாம் கியருக்கும், பிறகு முதல் கியருக்கும் இறக்கி, கைபிரேக்கை இழுத்து, அகலமான ஓரிடத்தில் மலைச்சுவர் பக்கமாக நிறுத்தினார். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. கூரையில் ஆறு விளக்குகள் மட்டும் அழகாக இருந்தன.

பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பேடுகளில் உராயும் பகுதி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இதில் வியப்பென்ன? முசௌரி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், டேராடூன் 650. ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை ஏற்கும். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் மீதியெல்லாம் அந்தத் தட்டுகளின் தலையில்தான். பேடு தேய்ந்து மெலிந்தால் வெப்பம் நேரே பிஸ்டனுக்கும் எண்ணெய்க்கும் பாய்கிறது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பின்போ 140 போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. கொதித்த எண்ணெயில் ஆவி. ஆவியை மிதித்தால் அமுங்கும், தட்டைப் பிடிக்காது. எங்கள் கதை இவ்வளவே.

பெரிய டயர்க்காரர்களுக்கும் ஒரு சொல். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டயரின் எடையும் கூடுகிறது. ஆக, டயரை மாற்றியவர் தம்மையறியாமலே பிரேக்கையும் மாற்றிவிட்டார், கெடுதலான பக்கமாக!

எந்தப் பேடு வாங்குவது? கடைக்காரர் செராமிக்கைப் புகழ்வார். ஓசையில்லை, தூசியில்லை, நகரத்துக்கு நல்லதுதான். ஆற்றைக் கடந்து, சேற்றில் புரண்டு, சுமையோடு மலையிறங்கும் வண்டிக்கு உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக் பேடே என் தேர்வு. வெப்பத்தைத் தாங்கும். கொஞ்சம் கிறீச்சிடும், தட்டையும் சற்று விரைவாகத் தின்னும், தின்னட்டுமே! பந்தயப் பேடு வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும், குளிர்காலக் காலையில் முதல் வளைவு அதற்காகக் காத்திருக்குமா? துளையிட்ட தட்டின் மீதும் எனக்கு நம்பிக்கையில்லை. துளையில் சேறு அடையும். வெப்பத்தில் துளையோரமே விரிசல் தொடங்கும். வண்டிக் கம்பெனியின் அளவுக்கு ஒத்த, நல்ல வார்ப்பிரும்புத் தட்டு போதும். 1962 முதல் சென்னைப் பாடியில் பிரேக் செய்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கா தட்டின் தரத்தை நான் எடுத்துச் சொல்வது!

தட்டை எப்போது மாற்றுவது என்பதில் மிஸ்திரியின் கட்டைவிரலை நம்பாதீர்கள். குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்காமல் தூக்கியெறியுங்கள். மெலிந்த தட்டு வெப்பத்தைத் தேக்காது. பேடில் மூன்று மில்லிமீட்டர் என்றாலே எச்சரிக்கை மணி. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கஞ்சத்தனமன்று, பைத்தியக்காரத்தனம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஓர் அச்சின் இரு சக்கரத்துக்கும் ஒருங்கே மாற்றுங்கள்.

மாற்றும் வேலை கடினமன்று. ஆனால் பொறுமை வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டாதீர்கள், தாங்கி வையுங்கள். காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். தூசியை வாயால் ஊதவே கூடாது. ஹப்பின் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டாமல் புதுத் தட்டைப் பொருத்தினால் தட்டு கோணலாக உட்காரும். சில மாதத்தில் பெடல் நடுங்கத் தொடங்கும், நாம் தட்டைப் பழிப்போம். புதுத் தட்டின் எண்ணெய்ப்பூச்சைத் துடைத்து, காலிப்பர் நழுவும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் இடவேண்டும். எல்லாம் முடிந்து வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டிப்படும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதி வெறும் மிதி! பிறகு வெறிச்சோடிய சாலையில், ஐம்பதிலிருந்து பத்துக்கு, முழுதும் நிறுத்தாமல், பத்துமுறை வேகம் குறைத்து ஆறவிட்டால் பேடும் தட்டும் உறவாகிவிடும்.

2020-இல் வந்த தாரிலும் 2023-இல் வந்த ஜிம்னியிலும்கூடப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். ஆற்றைக் கடந்தபின் அதற்குள் சேறும் நீரும் தங்கும். அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

"செலவு யார் தருவது?" என்பார்கள். பாஹா போட்டிக்கு வண்டி கட்டும் நம் பொறியியல் தோழர்களைக் கேளுங்கள். அங்கே பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்கின்றனவா என்று முதலில் சோதிப்பார்கள். தேறாத வண்டியைக் களத்தில் விடமாட்டார்கள். பாதையே வகுத்த களத்துக்கு இவ்வளவு கண்டிப்பு. ஒருபுறம் பள்ளத்தாக்கு உள்ள சாலைக்கு நம் சங்கத்தில் ஒரு கண்டிப்பும் இல்லை. சங்கப் பெயரால் போகும் எந்த வண்டியும் அளந்து பார்த்த பிறகே புறப்பட வேண்டும் என்று செயற்குழு விதி செய்ய வேண்டுமென்பது என் கட்சி. விளக்குப் பிரியர்கள் சண்டைக்கு வரலாம்; வரட்டும்.

சக்ராதாப் பயணம் அடுத்த மாதம் என்று பேச்சு. மைக்ரோமீட்டர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை விடுதிக்குப் பின்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்ப்போம்.